மிதிபலகையில் நின்ற சம்பந்தி

கொட்டாஞ்சேனை ஜம்பட்டா வீதிக்குப் பின்னால் இருக்கும் பழைய தொடர்மாடியில் "பயர் பிரிகேட் றேமண்ட்" என்றால் சின்னப் பிள்ளைகளும் வீட்டைக் காட்டிவிடுவார்கள். நகரின் தென்பக்கத்துத் தீயணைப்பு நிலையம் ஒன்றில் அவர் சாரதி. தலை நரைக்கும் வரை அந்தப் பெரிய சிவப்பு வண்டியைத்தான் ஓட்டினார். வேறு எந்த வேலையும் அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள ஆசைப்பட்டதும் இல்லை.

அவருடைய அப்பா துறைமுகத்தில் மூட்டை இறக்கியவர். ஒரு மாலைப்பொழுதில் நிறைந்து வழிந்த பஸ்ஸின் மிதிபலகையில் ஒற்றைக்காலோடு தொங்கிக்கொண்டு வந்தார். ஆமர் வீதிச் சந்தியில் பஸ் வளைந்தபோது கை நழுவிப் பின்சில்லுக்குள் போனார். அப்போது றேமண்ட் பள்ளிக்கூடம் போகும் வயதுப் பையன். வீட்டுக்கு வந்தது அப்பாவின் ஒரு செருப்பு மட்டும்தான்.

அந்தச் செருப்பைப் பற்றி அவர் யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் சாரதி ஆசனத்தில் ஏறிய நாளிலிருந்து அவருக்கென்று ஒரு பிடிவாதம் இருந்தது. வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து சில்லுகளைப் பார்க்காமல் ஏறமாட்டார். எல்லோரும் அமர்ந்து பெல்ட் போட்டாயிற்று என்று குரல் வராமல் கிளப்பமாட்டார். பின்னுக்கு எடுக்கும்போது வழிகாட்ட ஒருவர் இறங்கி நிற்கவேண்டும். அந்த ஆள் கண்ணாடியில் தெரியாமல் போன அந்தக் கணமே வண்டி நின்றுவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, கதவுக்குக் கீழே இருக்கும் மிதிபலகையில் ஒரு மனிதர் நின்றால் அந்த வண்டி ஒரு அடிகூட நகராது.

"றேமண்ட் அய்யாட வண்டீல கொசு வந்தாலும் சீட்ல குந்தி பெல்ட் போட்டுத்தான் ஈக்கோணும்" என்று முர்ஷித் பகிடி பண்ணுவான். முர்ஷித் அந்த வண்டியின் ஏணிக்காரன். தெமட்டகொடைப் பையன், வாய் நிறையப் பேச்சு.

"கொசு விழுந்தா கேக்க ஆளில்ல மல்லி. நீ விழுந்தா ஒன்ட உம்மாவுக்கு நான்தானே முகங்காட்டணும்" என்பார் றேமண்ட். தம்பி என்பதைச் சிங்களத்தில் மல்லி என்றுதான் அவர் கூப்பிடுவார்.

தீயணைக்கும் வண்டியின் தொட்டியில் தண்ணீர் அலைபாயும்போது பிரேக் பிடித்தாலும் வண்டி உடனே நிற்காது. சைரன் ஒலித்தால் எல்லோரும் விலகுவார்கள் என்று நம்பி விரட்டுகிறவன் சந்தியில் ஓர் ஓட்டோவை நசுக்கிவிட்டுத் தீயிருக்கும் இடத்துக்குப் போய்ச் சேராமலே போய்விடுவான். இதையெல்லாம் நன்றாகத் தெரிந்து ஓட்டியவர் றேமண்ட். அத்தனை வருடத்தில் அவருடைய வண்டியால் ஒரு நாய்க்குக்கூடக் காயம் பட்டதில்லை.

அவருக்கும் நிரோஷாவுக்கும் ஒரே மகள், உஷாந்தி. பம்பலப்பிட்டியில் ஒரு கணக்காய்வு அலுவலகத்தில் வேலை. அங்கேதான் அபிஷன் அவளைக் கண்டான். வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் போகும் குறுகிய ஒழுங்கை ஒன்றில் மூன்றாம் மாடி பிளட் அவன் வீடு. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறிய சைவக் குடும்பம். அப்பா நாகேந்திரம் ஓய்வுபெற்ற அரசாங்க உத்தியோகத்தர். அம்மா கௌரி.

"வேதக்காரப் பெட்டையோ? அதுவும் கொட்டாஞ்சேனையிலையோ?" என்று, பெண் கிறிஸ்தவள் என்பதற்காக நாகேந்திரம் குதித்த நாளில் வீட்டில் அவரை எதிர்த்து நின்றது கௌரி ஒருத்திதான்.

"பெட்டை வேதமெண்டால் என்னப்பா? உங்கட மகனைப் பாத்துச் சிரிக்குதே, அது காணாதே? உங்களைப் பாத்து நான் சிரிக்கவே நாலு வருசம் எடுத்தது" என்று சொல்லி அவரை வாயடைக்க வைத்தாள்.

கௌரி தன்னந்தனியாகப் பஸ் ஏறிக் கொட்டாஞ்சேனைக்கு வந்து நிரோஷாவின் கையால் தேநீர் குடித்தாள். உஷாந்தியின் கன்னத்தைத் தடவினாள். கோயிலில் தாலி, அடுத்த நாள் தேவாலயத்தில் ஆசீர்வாதம் என்று அவளே முடிவு செய்தாள். போகும்போது றேமண்டைப் பார்த்து, "சம்பந்தி, கலியாணக் காரை நீங்களே ஓடுங்கோ. ஆனால் உங்கட ஓட்டத்துக்கு முகூர்த்தத்துக்கு முதல் வந்து சேருவமோ தெரியேல்லை" என்றாள். அன்றைக்கு அந்த வீட்டில் எல்லோரும் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்கள்.

தாய்க்குத் தாயாய் வந்த அந்த மனுஷியைத்தான் விதி தேர்ந்தெடுத்தது.

கலியாணத்துக்கு இன்னும் சில வாரங்களே இருந்தன. வெயில் கொளுத்திய ஒரு மத்தியானம். வெள்ளவத்தையில் பிளட் ஒன்று எரிகிறது என்று நிலையத்துக்கு அழைப்பு வந்தது. ஒழுங்கையின் பெயரைக் கேட்டதும் அது சம்பந்தி வீட்டு ஒழுங்கை என்று றேமண்டுக்குத் தெரிந்தது. ஆனாலும் வண்டியைச் சுற்றி வந்தார். பெல்ட் போட்டாயிற்று என்ற குரலுக்குக் காத்திருந்தார். பிறகுதான் கிளப்பினார்.

காலி வீதியில் சனம் விலகி வழி விட்டது. கடற்கரைப் பக்கம் திரும்பவேண்டிய ஒழுங்கையின் வாயில் வெறும் மேலோடு ஒரு வயதானவர் இரண்டு கைகளையும் ஆட்டிக்கொண்டு நின்றார். நாகேந்திரம். தீயணைப்பு வண்டி ஒழுங்கை மாறிப் போய்விடும் என்று பயந்து, வழிகாட்டுவதற்காக அவர் படியிறங்கி ஓடி வந்திருந்தார். வெள்ளவத்தையில் வீடு எரிந்தால் எப்போதும் ஓர் ஆள் இப்படிச் சந்திக்கு ஓடுவதுதான் வழக்கம்.

வண்டி வேகம் குறைந்து ஒழுங்கைக்குள் திரும்பியபோது அவர் பாய்ந்து இடப்பக்க மிதிபலகையில் ஏறினார். முப்பது வருடம் ஓடுகிற பஸ்ஸில் பாய்ந்து ஏறிக் கந்தோர் வேலைக்குப் போன கால்கள் அவை. கண்ணாடியின் இரும்புக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"போங்கோ றேமண்ட்! நேரை போங்கோ! கௌரி உள்ளுக்கை நிக்கிறாள்!"

றேமண்டின் கால் பிரேக்கை அழுத்தியது. வண்டி நின்றது.

அந்த ஒழுங்கையில் வண்டிக்கும் மதிலுக்கும் நடுவே ஓர் ஆள் ஒதுங்கி நிற்கும் இடம்தான் இருந்தது. சற்று முன்னால் மதில் இன்னும் உள்ளே வளைந்திருந்தது. மறுபக்கம் ஒரு வான் நிறுத்தப்பட்டிருந்ததால் வண்டியை மதிலோடு உரசிக்கொண்டுதான் எடுக்கவேண்டும். அப்படி எடுத்தால் நாகேந்திரம் மதிலுக்கும் வண்டிக்கும் நடுவே நசுங்கிப்போவார்.

"அண்ணை, இறங்குங்க! இறங்கினாத்தான் போகலாம்!"

"நான் பிடிச்சுக்கொண்டு நிப்பன்! நீங்கள் எடுங்கோ!"

"மதில்ல அடிபடுவீங்க அண்ணை. கெஞ்சிக் கேக்கிறேன், இறங்குங்க!"

"என்னை விடுங்கோ! என்ரை உயிர் என்ன பெரிய உயிரே? எடுங்கோ வண்டியை!"

இறங்கிவிட்டால் வண்டி தன்னை விட்டு வேறெங்கோ போய்விடும் என்று அந்தக் கலங்கிய மனம் நம்பியிருக்கவேண்டும். வண்டி பழுதாகிவிட்டது என்று நினைத்துத் தள்ள வந்த ஒழுங்கை இளைஞர்கள் சிலர், முன்னால் ஒருவர் தொங்குவதைக் கண்டு தாங்களும் பின்பக்கத்தில் ஏறிக்கொண்டார்கள். சனம் சூழ்ந்தது. வண்டிக்குள் இருந்த நிலைய அதிகாரி ஜன்னலால் தலையை நீட்டி, "பஹின்ன! பஹின்ன!" என்று இறங்கச் சொல்லிச் சிங்களத்தில் கத்தினார். அவரும் இன்னொருவரும் குதித்து எரியும் வீட்டை நோக்கி ஓடினார்கள். ஏணியும் தண்ணீரும் இல்லாமல் ஓடிப்போய் என்ன செய்வது?

முர்ஷித் இறங்கி நாகேந்திரத்தின் விரல்களை ஒவ்வொன்றாகக் கம்பியிலிருந்து பிரித்தான். ஒரு கையைப் பிரித்தால் மறு கை பிடித்தது. "வாப்பா, வாப்பா, உடுங்க வாப்பா" என்று, தன் தகப்பனிடம் கெஞ்சுவதுபோல அவன் அழுதுகொண்டே பிரித்தான். கடைசியில் அவரைத் தோளோடு அணைத்துத் தூக்கி இறக்கினான். பின்னால் ஏறியவர்களையும் இறக்கினான். கண்ணாடியில் வெறும் மதில் மட்டும் தெரிந்த பிறகு றேமண்ட் வண்டியை எடுத்தார்.

வளைவைத் தாண்டியதும் மூன்றாம் மாடி தெரிந்தது. பல்கனியில் கள்ளருக்குப் பயந்து போட்ட இரும்பு கிறில். அதற்குப் பூட்டு. கிறிலுக்குப் பின்னால் கரும்புகை மட்டும் இருந்தது.

"இப்பதானே நின்டவ! கைய வெளியால நீட்டிக்கொண்டு நின்டவ! இவ்வளவு நேரம் அங்க என்ன செய்தனீங்கள்?" என்று எதிர்வீட்டுப் பெண் மார்பில் அடித்துக்கொண்டாள்.

றேமண்ட் சில்லுக்குக் கட்டை வைத்தார். பம்பை இயக்கினார். குழாயில் தண்ணீரின் அழுத்தத்தைப் பார்த்துக்கொண்டு அந்த இடத்திலேயே நின்றார். பம்பை இயக்குகிறவன் அதை விட்டு அசையக்கூடாது. மேலே ஏணியில் முர்ஷித் கிறிலை வெட்டுவதை அவர் பார்க்கவில்லை. கௌரியைத் தோளில் போட்டுக்கொண்டு அவன் இறங்கியதையும் பார்க்கவில்லை. ஒழுங்கையே ஒரே குரலில் ஓவென்று அழுதபோதுதான் அவருக்குத் தெரிந்தது. கண்ணீர் வழிய வழிய, கை மட்டும் வால்வை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது.

கௌரி முதலில் வெளியேறி வந்தவள்தானாம். அலுமாரியில் உஷாந்திக்கு எடுத்த கூறைச்சேலை இருக்கிறது என்று திரும்பி உள்ளே ஓடினாளாம். இதைக் கேட்டபோது உஷாந்தி மயங்கி விழுந்தாள்.

நிலையத்தில் விசாரித்தார்கள். மிதிபலகையில் ஆளோடு வண்டியை எடுக்காதது சரிதான், சாரதியின் பக்கம் எந்தப் பிழையும் இல்லை என்றார்கள். தோளில் தட்டினார்கள். அந்தத் தட்டு ஒவ்வொன்றும் றேமண்டுக்கு அடி போல இருந்தது.

செத்த வீட்டில் நாகேந்திரம் அவரை வாசலிலேயே மறித்தார்.

"நான் தொங்கிக்கொண்டு வந்திருப்பன். விழுந்து செத்திருந்தாலும் பரவாயில்லை. அவள் இருந்திருப்பாள். நீர்தான் என்ரை கௌரியைச் சாகடிச்சனீர்."

அபிஷன் இடையில் புகுந்து, "அப்பா, நீங்கள் ஏறினபடியால்தான்..." என்று ஆரம்பித்து, தகப்பனின் முகத்தைக் கண்டு பாதியில் நிறுத்திக்கொண்டான். நிறுத்தினாலும் அந்தப் பாதி வசனம் நாகேந்திரத்தின் நெஞ்சுக்குள் போய்விட்டது. அதைத் தாங்க அவரால் முடியவில்லை. அன்றிலிருந்து எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் றேமண்டின் பெயரையே சொன்னார். மனைவியை இழந்த மனிதர் தன்னையும் குற்றவாளியாகப் பார்த்துக்கொண்டு எப்படி உயிரோடு இருப்பார்?

அபிஷன் மட்டும் மாறவில்லை. வேலை முடிந்து உஷாந்தியைக் காணும்போதெல்லாம், "மாமாவில் பிழையில்லை. அப்பாவோட நான் ஒவ்வொரு நாளும் இதுக்காகத்தான் சண்டை பிடிக்கிறன். அம்மாவின்ரை வருசத் துவசம் முடியட்டும், நாங்கள் கட்டுவம்" என்றான். அந்த ஒரு நூலில்தான் உஷாந்தியின் வாழ்க்கை தொங்கியது.

இருட்டிலும் ஒரு சின்ன வெளிச்சம் போல அந்தத் தொலைபேசி அழைப்பு வந்தது. கௌரியின் தங்கை பாலேஸ்வரி தெஹிவளையிலிருந்து நிரோஷாவோடு கதைத்தாள்.

"அக்கா, அத்தான் சாப்பிடுறாரில்லை, நித்திரை கொள்ளுறாரில்லை. எங்களுக்கும் பயமாக்கிடக்கு. முப்பத்தோராம் நாள் கிரியை எங்கட வீட்டிலைதான். உங்கட அவர் வந்து, 'நான் நிப்பாட்டினது பிழை, மன்னிச்சுக்கொள்ளுங்கோ' எண்டு ஒரு வார்த்தை சொன்னால் அத்தான் ஆறுவார். பிள்ளையளின்ரை கலியாணத்துக்கும் தடை சொல்லமாட்டன் எண்டு என்னட்டைச் சொன்னவர்."

நிரோஷா அதைக் கணவரிடம் சொன்னபோது அவருடைய காலைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒரு வார்த்தைதானே? ஸ்டேசன்ல எழுதிக் குடுக்கப் போறீங்களா, கோர்ட்ல சொல்லப் போறீங்களா? எங்கட பிள்ளைக்காகச் சொல்லுங்க."

"நான் பிழை செய்யல்லயே நிரோஷா. எடுத்திருந்தா அந்த மனுசன் என்ட கையாலதானே செத்திருப்பாரு?"

"எனக்குத் தெரியும். ஊருக்கே தெரியும். அவருக்கு மட்டும் பொய் சொல்லுங்க."

"மகளுக்குச் சொன்னியா?"

"அவ விடமாட்டா. சொல்லாதீங்க."

அடுத்த அறையில் உஷாந்தி உடுப்பு மடித்துக்கொண்டிருந்தாள். சில வாரங்களில் பாதியாக இளைத்துப்போன அந்தப் பிள்ளையை றேமண்ட் கதவிடுக்கால் பார்த்தார். தலையை ஆட்டினார்.

தெஹிவளையில் பாலேஸ்வரியின் வீட்டு முன்னறையில் கௌரியின் படத்துக்கு மாலை போட்டிருந்தது. படத்துக்கு முன்னால் அவளுக்குப் பிடித்த பலகாரங்கள் படைக்கப்பட்டிருந்தன. கிரியைகளை முடித்து ஐயர் போயிருந்தார். பந்தி போட ஆயத்தமாகிக்கொண்டிருந்தார்கள். நிரோஷாவோடும் உஷாந்தியோடும் றேமண்ட் உள்ளே வந்தபோது பேச்சுச் சத்தம் நின்றது. அபிஷன் எழுந்து வந்து, "வாங்கோ மாமா" என்று கையைப் பிடித்தான். எல்லோரும் பார்க்க, வேண்டுமென்றே இறுக்கிப் பிடித்தான்.

றேமண்ட் அந்தக் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு நாகேந்திரத்தின் முன்னால் போய் நின்றார். படத்தில் கௌரி சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணை... நான் வண்டிய நிப்பாட்டினது பிழை. எடுத்திருக்கணும். எடுத்திருந்தா அவங்க இருந்திருப்பாங்க. என்ன மன்னிச்சுக்கங்க."

நாகேந்திரம் குழந்தையைப் போலக் குமுறி அழுதார். எழுந்து றேமண்டைக் கட்டிக்கொண்டார்.

"இதைத்தானே நான் கேட்டனான்! இதுக்குத்தானே நான் கிடந்து துடிச்சனான்! போதும் றேமண்ட். இனி எனக்கு ஒரு கோவமும் இல்லை. பிள்ளையள் நல்லாயிருக்கட்டும்."

பாலேஸ்வரி சேலைத் தலைப்பால் முகத்தைப் பொத்தினாள். நிரோஷா கண்களை மூடி மாதாவுக்கு நன்றி சொன்னாள். எல்லாம் நேராகிவிட்டது என்றுதான் அந்த அறையில் இருந்த எல்லோரும் நினைத்தார்கள்.

"என்ன சொன்னீங்கள்?" என்ற குரல் கேட்டது.

அபிஷனின் முகத்தில் இரத்தமே இல்லை.

"மாமா, திரும்பச் சொல்லுங்கோ. எடுத்திருந்தால் அம்மா இருந்திருப்பாவோ?"

றேமண்ட் திகைத்தார். மருமகனுக்கு இந்த ஏற்பாடு தெரியாது என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. உண்மையைச் சொன்னால் தன்னைக் கட்டிக்கொண்டிருக்கும் நாகேந்திரம் மறுபடி நொறுங்கிப்போவார். சொல்லாவிட்டால்?

"சொல்லுங்கோ மாமா!"

றேமண்ட் தலை குனிந்துகொண்டார்.

"ஒரு மாதமாய் இந்த மனுசனோட சண்டை பிடிச்சனான்" என்று அபிஷன் தகப்பனைக் காட்டினான். "பெத்த தகப்பனைப் பாத்து, நீங்கள் ஏறினபடியால்தான் அம்மா செத்தவ எண்டு சொன்னனான். உங்களை நம்பித்தான் சொன்னனான். இப்ப நீங்களே பிழை எண்டுறீங்கள். அப்ப என்ரை அப்பாவை நான் சும்மாவே வதைச்சனான்?"

"அபி, அப்பா அத மனசால சொல்லல்ல..." என்று உஷாந்தி ஓடிவந்தாள்.

"தெரியேல்லை உஷா. எது மனசாலை, எது மனசில்லாமல் எண்டு இனி எனக்குத் தெரியேல்லை. உங்கட வீட்டு வாசலுக்கு வந்தால் எனக்கு இதுதான் கேக்கும். எடுத்திருக்கலாம், எடுக்கேல்லை."

அவன் செருப்பும் போடாமல் வெளியே நடந்தான். "தம்பி, நில்லு, நான் மன்னிச்சிட்டன், நான் ஓமெண்டு சொல்லிட்டன்!" என்று நாகேந்திரம் பின்னால் கத்தினார். அவன் திரும்பவில்லை. படைத்த பலகாரங்களை யாரும் தொடவில்லை.

அதன்பிறகு உஷாந்தியின் அழைப்புகளுக்கு அவன் பதில் தரவில்லை. வேலையை விட்டு, கனடாவில் இருக்கும் மாமனிடம் போவதற்கு ஆயத்தம் செய்கிறான் என்று பாலேஸ்வரி அழுதுகொண்டு சொன்னாள். நாகேந்திரம் இப்போது தினமும் றேமண்டுக்குத் தொலைபேசி எடுத்து அன்பாகக் கதைக்கிறார். சமாதானம் கிடைத்தது அவர் ஒருவருக்குத்தான்.

விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பிய முதல் நாள் அழைப்பு வந்தபோது றேமண்ட் வண்டியைச் சுற்றி வந்தார். ஏறினார். எல்லோரும் பெல்ட் போட்டாயிற்று என்று முர்ஷித் குரல் கொடுத்தான். வண்டி கிளம்பவில்லை.

"என்ன அய்யா? எல்லாரும் ஏறியாச்சி. போங்க."

"ஆராவது வெளியில நிக்கிறாங்களா பார் மல்லி."

"ஒருத்தரும் இல்ல அய்யா."

"நின்டா... எடுக்கிறதா, நிப்பாட்டுறதா?"

முர்ஷித் இறங்கி மறுபக்கம் வந்து, அவரைக் கைப்பிடித்து இறக்கிவிட்டான். அன்று வேறொருவர் வண்டியை ஓட்டினார். மறுநாள் றேமண்ட் தானாகவே போய், தன்னை வண்டியிலிருந்து எடுத்துவிடும்படி கேட்டுக்கொண்டார். இப்போது களஞ்சிய அறையில் குழாய்களைக் காயப்போட்டுச் சுருட்டுகிறார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்த உஷாந்தி அவருக்கு முன்னால் வந்து உட்கார்ந்தாள். வாரக்கணக்காக அவரோடு பேசாதவள்.

"அப்பா, ஒன்டு கேக்கிறேன். எனக்காகவும் வேணாம், அம்மாவுக்காகவும் வேணாம். உண்மையச் சொல்லுங்க. அன்டைக்கு நீங்க நிப்பாட்டினது பிழையா, சரியா?"

அந்தக் கேள்விக்கு இரண்டு மாதத்துக்கு முன்னால் அவர் யோசிக்காமல் பதில் சொல்லியிருப்பார். இப்போது மகளின் முகத்தை, அந்த வறண்ட உதடுகளை, வெறும் கழுத்தைப் பார்த்தார்.

"எனக்குத் தெரியல்ல மகள்."

சரி என்று சொல்லியிருந்தால் அவள் அவரைக் கட்டிக்கொண்டு அழுதிருப்பாள். பிழை என்று சொல்லியிருந்தால் வெறுத்தாவது ஆறியிருப்பாள். உஷாந்தி எழுந்து தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். நிரோஷா சோற்றைப் போட்டுக்கொண்டு வந்து இருவரையும் கூப்பிட்டாள். இரண்டு பேருமே வரவில்லை.